பைத்தான்ல ஃபைல் எழுதப் போறீங்களா? அக்கா தரும் 6 டிப்ஸ்!

தம்பி தங்கைங்களா, புரோகிராம் கணக்கெல்லாம் சரியாப் போட்டுடும். ரிசல்ட்டை ஃபைல்ல எழுதுற இடத்துலதான் மக்கர் பண்ணும். இந்த ஆறையும் பழக்கமாக்கிக்குங்க.

1. முதல்ல ஃபோல்டர்: 'ஓப்பன்' இல்லாத ஃபைலை உருவாக்கும், இல்லாத ஃபோல்டரை உருவாக்காது. 'ரிப்போர்ட்/2025/ஜூன்'ல எழுதச் சொல்லி, '2025' இல்லைன்னா 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' எரர்தான். அதுக்கு முந்தின வரியில பாத்லிப்போட 'எம்கேடிர்' போட்டு, 'பேரன்ட்ஸ்', 'எக்ஸிஸ்ட் ஓகே' ரெண்டுக்கும் 'ட்ரூ' கொடுங்க. முதலாவது, நடுவுல விட்டுப்போன ஃபோல்டர்களையும் சேர்த்து உருவாக்கும். ரெண்டாவது, ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தா எரர் வராம பார்த்துக்கும். ஃபைலோட முழுப் பாதையையும் கொடுத்துடாதீங்க. ஃபைல் பேருலயே ஒரு ஃபோல்டர் உருவாகி நிக்கும். பாதையோட 'பேரன்ட்'டை மட்டும் கொடுங்க.

2. மோட்ல கவனம்: 'டபிள்யூ'ன்னு திறந்த நொடியே பழைய விஷயமெல்லாம் காலி, நீங்க ஒரு எழுத்துகூட எழுதியிருக்க வேண்டாம். கடைசியில சேர்க்க 'ஏ'. பழைய ஃபைல் இருந்தா தொடவே கூடாதுன்னா 'எக்ஸ்'.

3. 'வித்' போட்டே திறங்க: எழுதினது ஃபைலை மூடுற வரைக்கும் மெமரியிலயே தங்கியிருக்கலாம். 'வித்' இருந்தா, நடுவுல எரர் வந்தாலும் ஃபைல் மூடிடும்.

4. தமிழ் எழுதினா என்கோடிங் கட்டாயம்: விண்டோஸ்ல பல கம்ப்யூட்டர்ல 'யுடிஎஃப்-8'னு சொல்லலைன்னா 'யூனிகோட் என்கோட் எரர்' வரும். எக்செல்ல திறக்கப்போற சிஎஸ்வி ஃபைலா? 'யுடிஎஃப்-8-சிக்' கொடுங்க, எழுத்து உடையாது.

5. வரி முடிவு: 'ரைட்' தானா அடுத்த வரிக்குப் போகாது. ஒவ்வொரு வரி முடிவுலயும் பேக்ஸ்லாஷ் 'என்' நீங்கதான் போடணும்.

6. பாதையில பேக்ஸ்லாஷ் வேண்டாம்: 'என்' எழுத்துல ஆரம்பிக்கிற ஃபோல்டர் பேருக்கு முன்னாடி அது வந்தா, பைத்தான் புது வரின்னு எடுத்துக்கும். முன்பக்கம் சாயுற ஸ்லாஷ் விண்டோஸ்லயும் வேலை செய்யும்.

புரோகிராமை இன்னொருத்தருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அவுட்புட் ஃபோல்டரோட பேரை மாத்தி வச்சுட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்பவும் எரர் இல்லாம ஓடுச்சுன்னா தைரியமா அனுப்பலாம்.