கற்றலின் காற்கூறு

மாந்தர் எவ்வாறு கற்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை தேடும் நம் மாணவர் பலர், பிளேட்டோவில் தொடங்கிப் பியாஜேயில் முடிக்கின்றனர். தமிழிலும் இதுபற்றிய கொள்கை ஒன்றுண்டு. அது நம் வகுப்பறைகளில் நாடோறும் நிகழ்வதற்குப் பெரிதும் மாறானது. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் வகையைக் கூறுமிடத்தில் ஒரு கணக்கிடுகின்றது. ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழையின்றி அறிவான். மும்முறை கேட்டவன் அதனைப் பிறர்க்கு உரைக்கும் முறை அறிவான். ஆயினும், ஆசிரியர் உரைத்ததனைத்தையும் முற்றக் கொண்டாலும் அவன் பெற்றது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்குங்கால் அன்றி வாராது.

இதனை ஒத்த வடமொழிச் சுலோகம் ஒன்றும் உண்டு. அதுவும் கல்வியை நான்கு கூறாக்கி, ஆசிரியர்க்கு ஒன்றும், மாணாக்கனது சொந்த அறிவுக்கு ஒன்றும், உடன் கற்பார்க்கு ஒன்றும், காலத்திற்கு ஒன்றும் வகுக்கின்றது. காலம் தானே முதிர்விக்கும் என்று காத்திருக்கச் சொல்வதினும், பிறர்க்குச் சொல்லிப் பார் என்று ஏவும் தமிழ்க் கணக்கே எனக்கு மேம்பட்டதாகத் தோன்றுகின்றது. சொல்லப் புகும்போதன்றோ தெரியாதது எதுவெனத் தெரிகின்றது!

மேனாட்டார் நெடுங்காலம் வேறு வழியிற் சென்றனர். கற்றலாவது ஆன்மா முன்னறிந்ததை நினைவுகூர்தலே என்றார் பிளேட்டோ. 1690-இல் வெளிவந்த தம் நூலில், பிறந்த மனம் எழுதப்படாத தாள் போன்றது. அநுபவமே அதில் எழுதுவது என்றார் ஜான் லாக். இருவரும் தனியொரு மனத்தையே நோக்கினர். உடன் கற்பார்க்கு அங்குச் சிறப்பிடம் இல்லை.

உடன் கற்பாரது ஆற்றலை நம் நாட்டில் நேரிற்கண்டு வியந்த ஐரோப்பியர் பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியர். 1623-இல் கன்னட நாட்டில் இக்கேரிக்குச் செல்லும் வழியில், சிறுவர் நால்வர் எண்ணைப் பாடியவாறே மணலில் விரலால் எழுதக் கண்டார். ஆசிரியர் அங்கில்லை. மறந்தால் யார் திருத்துவார் என்று அவர் வினவ, நால்வரும் ஒருங்கே ஒரே பகுதியை மறத்தல் இயலாது என்று விடையிறுத்தனராம். ஆராய்ச்சிக் கட்டுரை பலவற்றினும் இவ்விடை எனக்கு நயமாகத் தோன்றுகின்றது.

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகட்கான பள்ளிக்குத் தலைவரானவர் ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர். ஒருநாள் குதிரை மீது செல்லுங்கால், 'மலபார்'ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். (தமிழரையும் அக்காலத்து ஐரோப்பியர் அப்பெயராலேயே அழைத்தனர்.) அம்முறையைத் தம் பள்ளியில் கொணர விரும்பினார், உதவியாசிரியர் அது கூடாதென மறுத்தனர். ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். அவன் செய்து காட்டினான். பெல் 1797-இல் இலண்டனில் இதுபற்றி நூல் வெளியிடவே, 'மெட்ராஸ் முறை' என்னும் பெயர் எங்கும் பரவிற்று. மணலெழுத்து நம்மவரிடம் கண்டது என்று கூறிய அவர், மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பித்தலைத் தம் கண்டுபிடிப்பாகவே கொண்டார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்பான் ஒருவன் இருந்தான். மணலைக் கண்டவர் அவனைக் காணாதிருந்தார் என்று நம்புதல் அரிது.

இங்கிலாந்தில் அம்முறை எய்திய கதி இரங்கத்தக்கது. 1798-இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்றார். செலவு குறைந்தது, அதுவே பெரும்புகழாயிற்று. மூத்த சிறுவன் அட்டையைக் காட்ட, இளையோர் ஒருங்கே ஒலித்தனர். அவன் எடுத்துரைக்கவில்லை; ஒப்பிக்கச் செய்தான். அரைப்பங்கு தரும் வினை அங்கு இல்லாதொழிந்தது. சில பத்தாண்டுகளில் முறையும் வழக்கொழிந்தது.

அதன்பின் கற்றலைச் சோதனையால் அளக்கும் காலம் வந்தது. எபிங்கௌஸ் 1885-இல் மறதியின் விரைவை அளந்தார். தார்ன்டைக் 1898-இல் கூண்டிலிட்ட பூனைகள் தவறித் தவறி வழிகாணும் வகையை ஆராய்ந்தார். இளமையிலேயே 1934-இல் மறைந்த ருஷிய அறிஞர் வைகாட்ஸ்கி, குழந்தை தனித்துச் செய்யமாட்டாததைத் தன்னினும் வல்லார் துணையோடு செய்கின்றது. நாளை அதனைத் தனித்தே செய்யும் என்றார். நன்னூலின் இரண்டாங்கால் இதற்கு அணித்தே நிற்பது. அரைப்பங்குக்கும் சான்று கிடைத்தது. 2014-இல் நெஸ்டாய்க்கோ முதலியோர் ஒரே பகுதியை இரு குழுவினர்க்குப் படிக்கத் தந்து, ஒரு சாரார்க்குத் தேர்வுண்டு என்றும், மறுசாரார் பிறர்க்குக் கற்பிக்க வேண்டும் என்றும் கூறினர். கற்பிப்போம் என எண்ணிப் படித்தவரே மிகுதியாகவும் ஒழுங்காகவும் நினைவிற் கொண்டனர். கற்பிக்கும் எண்ணத்திற்கே இத்துணைப் பயன் என்றால், தேர்வுக்கென்றே குறிப்பெழுதும் நம் போன்றார் இழப்பது எத்துணை? திருமறையில் பன்னிரண்டு வயதுப் பாலகராகிய இயேசு போதகர் நடுவே கேட்பதோடு அமையாமல் வினவவும் விடை கூறவும் செய்தார் என லூக்கா எழுதியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

நிற்க. இவையாவும் ஏட்டுக் கல்வியின் கணக்கு. கைத்தொழிற் கல்வி வேறொரு நெறியிற் செல்லும். எங்கள் ஜலகண்டாபுரத்தில் நெசவாளர் இல்லங்களில் தறியின் இலக்கணத்தை எவரும் உரைப்பதில்லை. புதியவர் தார் சுற்றுவர். அறுந்த இழையை முடிவர். பின்னரே குழியில் இறங்கி மிதியும் நாடாவும் பழகுவர். கரை வேலை அதற்கும் பின்னர். லைபீரிய நாட்டுத் தையற்காரரிடம் ஜீன் லேவ் என்னும் அம்மையார் இதுபோன்றதொரு வரிசையைக் கண்டார். அங்குப் பயில்வோர் பொத்தான் தைத்தலும் ஓரம் மடித்தலும் முதலிற் கற்று, துணி வெட்டுதலை இறுதியிற் கற்றனர். 1991-இல் அவரும் வெங்கரும் எழுதிய நூல், கற்றலாவது ஒரு கூட்டத்தின் ஓரத்திலிருந்து உள்ளே வருதல் என்கின்றது.

அவ்வாறாயின், கூட்டத்தில் சேர்க்கப்படாதார் கதி யாது? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கேட்ட கணக்கு 1826-இல் முற்றியபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அவருள் பெண்கள் 4,540 பேரே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1707-இலேயே பெண்பிள்ளைகட்குப் பள்ளி கண்டிருந்தும் நிலைமை இதுவே. மேற்கூறிய பொதுப்பாயிரம், நூல் யாத்தலை விளக்க நூல் நூற்றலை உவமை கூறும்: சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, மதி கதிர், புலவனோ நூற்கும் பெண். புலவனுக்கே உவமையாகிய அப்பெண், தன் நூற்புத்திறனை யாரிடம், எத்தனை கால் கொண்டு கற்றாள் என்பதைப் பாயிரம் கூறவில்லை.