திருவண்ணாமலையில் யார் யார் வாழ்கிறார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

அமெரிக்கச் சிறுநகரம் ஒன்றின் மக்கள்தொகை அட்டவணையைப் பார்த்துவிட்டு, வெள்ளையர் இத்தனை சதவீதம், கறுப்பினத்தவர் இத்தனை சதவீதம் என்பதுபோல் திருவண்ணாமலைக்கும் ஒன்று தயாரிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பள்ளிக்கான வேலைதான் என்றாலும், ஓர் ஊரை உள்ளபடி அறிய இது நல்ல தொடக்கம்.

முதலில் ஒரு செய்தி. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் இனம் என்ற கேள்வியே கிடையாது. அமெரிக்காவில் அது 1790-இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலேயே இருந்தது. சுதந்திரமான வெள்ளையர் எத்தனை பேர், அடிமைகள் எத்தனை பேர் என்று அப்போது பிரித்து எண்ணினார்கள். அங்கே அந்தக் கேள்வி அடிமை முறையோடு சேர்ந்தே வந்தது.

இங்கேயும் ஆங்கிலேயர் முயன்றார்கள். 1901 கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை வைத்து மக்களை இனங்களாகப் பிரிக்க முடியும் என்று நம்பினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுக் கருவிகளோடு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் உள்ள பழக்கவழக்கக் குறிப்புகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. மூக்களவு அறிவியலில் நிற்கவில்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகமும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவின் அநேகமாக எல்லாச் சமூகங்களிலும் கலப்பு நடந்திருக்கிறது. தன் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது அதற்குப் பிறகுதான்.

இனம் இல்லையென்றால் வேறு எதைக் கேட்கிறார்கள்? சமயம், தாய்மொழி, பட்டியல் சாதி, பழங்குடி. 2011 கணக்கின்படி திருவண்ணாமலை நகரத்தின் மக்கள்தொகை 1,45,278. இந்துக்கள் ஏறத்தாழ 83 சதவீதம், முஸ்லிம்கள் 14, கிறிஸ்தவர்கள் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, சமணர்கள் அரை சதவீதம்கூட இல்லை. மாவட்டத்தில் 24 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 23 சதவீதம், பழங்குடியினர் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மொழியில் தமிழ்தான் மிகப் பெரும்பான்மை. அதற்கடுத்து தெலுங்கும் உருதும்.

இந்த எண்களோடு நின்றுவிடாதே. மாவட்ட அட்டவணையில் சமணர் என்ற ஒரே வரியை எடுத்துக்கொள். வந்தவாசி, போளூர், ஆரணிப் பக்கத்துக் கிராமங்களில் நெல் பயிரிட்டு, தமிழ் பேசி வாழும் தமிழ்ச் சமணர்கள் அதில் அடங்குவார்கள். போளூருக்கு அருகே திருமலையில் ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவையின் பெயரால் அமைந்த சமணக் கோயில் இன்றும் இருக்கிறது. வடக்கிலிருந்து வணிகத்துக்காக வந்த மார்வாடிச் சமணர்களும் அதே வரியில்தான் வருகிறார்கள். மொழி, தொழில், வந்த காலம் எல்லாம் வேறு; அட்டவணையில் மட்டும் ஒரே எண்.

ஆகவே, யார் எப்போது, எதற்காக வந்தார்கள் என்று கேட்டுப் பார். சங்க நூலான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. அவனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழியில் மலையில் வேட்டுவரும், காட்டோரத்தில் கோவலரும், வயல்வெளியில் உழவரும் சோறு போடுகிறார்கள். இந்த வட்டாரத்து மக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களில் அது ஒன்று. இன்றும் ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள். கேரளத்தோடு அவர்களுக்குத் தொடர்பில்லை, தமிழ்தான் பேசுகிறார்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்கிறார்கள். சமவெளியில் இருளர்களும் உண்டு.

பிறகு வந்தவர்களில் மிகப் பெரியவர் ஒரு கன்னட அரசர். துவாரசமுத்திரத்து ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக்கிக்கொண்டார். மதுரை சுல்தானோடு நடந்த போரில் 1342-ஐ ஒட்டி உயிரிழந்தார். அண்ணாமலையார் கோயிலின் உள்கோபுரம் ஒன்று அவர் பெயரில்தான் நிற்கிறது. அவருக்குப் பிள்ளை இல்லை என்பதும், அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பதும் ஊர்க்கதை. அது கதையோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் அந்த அரசருக்குத் திதி கொடுக்கிறார். வேற்றுமொழிக்காரர் ஒருவரை ஊர்த்தெய்வத்தின் தகப்பனாராகவே ஏற்றுக்கொண்ட ஊர் இது.

வல்லாளருக்குப் பின் விஜயநகர ஆட்சி வந்தது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி ராஜகோபுரத்தைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடித்தார். அந்த ஆட்சியோடு தெலுங்குக் குடிகளும், ஆற்காடு நவாபு காலத்தில் உருது பேசும் குடும்பங்களும் இந்த வட்டாரத்தில் பெருகின. டென்மார்க்கிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரிகளின் அடையாளமாக டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் நடக்கிறது.

திருச்சுழியில் பிறந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. ஆங்கிலேய எழுத்தாளர் பால் பிரண்டன் அவரைப் பற்றியும் 1934-இல் எழுதிய நூலைப் படித்துவிட்டு ஐரோப்பியர்கள் பலர் வரத் தொடங்கினார்கள். ஆங்கிலேய ராணுவ மேஜர் சாட்விக், ஈராக்கில் பிறந்த யூதர் எஸ்.எஸ். கோஹன், போலந்துக்காரர் மாரிஸ் ஃப்ரீட்மன் எல்லாரும் ரமணரைத் தேடி வந்தவர்கள். சாட்விக்கின் சமாதி ஆசிரம வளாகத்திலேயே இருக்கிறது. இன்று செங்கம் சாலையோரம் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கும் வெளிநாட்டவரை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கங்கைக்கரையிலிருந்து 1959-இல் வந்த யோகி ராம்சுரத்குமாரை ஊர் மக்கள் விசிறி சாமியார் என்று செல்லமாக அழைத்தார்கள். இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்த ஈழத்தமிழர்களுக்கான மறுவாழ்வு முகாம்களும் இந்த மாவட்டத்தில் உள்ளன.

இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குப் போ. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். விடுதிகளில் தெலுங்குப் பலகைகள் தொங்குகின்றன. இளநீர் விற்கும் அம்மா தெலுங்கிலேயே விலை சொல்கிறார். சற்றுத் தள்ளி, தரையில் துணி விரித்து ருத்ராட்சமும் பாசிமணியும் கோக்கும் நரிக்குறவப் பெண்ணிடம் கொஞ்ச நேரம் நில். வாங்க வருகிறவரிடம் தமிழிலும் தெலுங்கிலும் பேசுவார்; தன் குழந்தையிடம் வாக்ரிபோலியில் பேசுவார். குஜராத்தி, மராத்தி போன்ற மொழிகளோடு உறவுள்ள பேச்சு அது.

இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் வாழும் நரிக்குறவர்கள், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியில்தான். பழங்குடிச் சான்றிதழ் அதுவரை இல்லாததால் படிப்பிலும் வேலையிலும் அவர்களின் பிள்ளைகள் இழந்ததைத் திரும்பத் தர வழியில்லை. அதே 2023 ஜனவரியின் 30-ஆம் தேதி, இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், அறநிலையத்துறையின் கீழ் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகப் போய்ப் பொங்கலிட்டார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட உரிமை அது. அன்றும் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன் நிற்க வேண்டியிருந்தது. தூர தேசத்தவரைத் தன் மகானாகவும் அரசனாகவும் கொண்டாடத் தெரிந்த மண்ணில், அடுத்த தெருவில் பிறந்தவருக்குக் கோயில் வாசல் இவ்வளவு காலம் மூடியிருந்தது. இதை எழுதாமல் விட்டால் உன் கட்டுரை ஊரைப் பற்றிய விளம்பரமாகிவிடும்.

வேலையைத் தொடங்க ஒரு யோசனை. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஐந்து கட்டம் போடு: வீட்டில் பேசும் மொழி, வந்த காலம், வந்த காரணம், இப்போதைய தொழில், ஐந்தாவதாக, அரசும் அண்டை வீட்டாரும் அவர்களை நடத்தும் விதம். முதல் நான்குக்கும் நூலகத்திலும் கல்வெட்டு நூல்களிலும் விடை கிடைக்கும். ஐந்தாவதற்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்ளாதே. சாதியை நீயாகக் கேட்காதே, அவர்களாகச் சொன்னால் குறித்துக்கொள்.

அரசுக் கணக்கெடுப்பிலும் 1931-க்குப் பிறகு நாடு முழுவதற்குமான முழுமையான சாதிக் கணக்கு வெளிவந்ததில்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது; 2027 மார்ச் 1 அதற்கான அடிப்படை நாள். திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சியாகி எல்லையும் விரிந்திருப்பதால், புதிய எண்களை 2011 எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. எந்த எல்லைக்குள் எண்ணினார்கள் என்பதை முதலில் பார்த்துக்கொள். வரைவு முடிந்ததும் அனுப்பு. ஐந்தாவது கட்டத்தைத்தான் முதலில் படிக்க ஆசை.

அன்புடன்,
உன் அண்ணன்