முதலில் குதிரை, பிறகு கூடாரம்

கொலராடோவின் தென்மேற்கில் உள்ள சான் ஹுவான் மலைகளுக்குக் குதிரையோடு போய் நாலு நாள் தங்கிவர ஆசைப்படும் பிள்ளைகள், என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கூடாரம் வாங்கலாம் என்றுதான். எதை வாங்கினாலும் பத்தாயிரம் அடி உயரத்தில் குளிரத்தான் செய்யும். ராத்திரி குதிரை எங்கே நிற்கும், என்ன தின்னும், மிரண்டால் எது அதைப் பிடித்து நிறுத்தும்? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகு கூடாரத்தைப் பற்றிப் பேசலாம்.

1. மலையில் செய்யப்போகும் எதையும் முதன்முதலாக மலையில் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்கக் கயிற்றில் நிற்பது, காலில் தளையோடு மேய்வது, முதுகில் சலசலக்கும் பொதி, முகத்துக்கு நேரே விரியும் மழைக்கோட்டு எல்லாவற்றையும் வீட்டு லாயத்தருகே பழக்குங்கள். அங்கே அறுத்துக்கொண்டு ஓடினால் வேலிவரைதான் ஓடும்.

2. சமவெளியிலிருந்து வண்டியில் ஏற்றிவந்த குதிரையை அன்றைக்கே கணவாய்க்கு ஓட்டாதீர்கள். குதிரைக்கு ஒரு வசதி உண்டு: மண்ணீரலில் சேர்த்துவைத்த சிவப்பணுக்களை, உடல் உழைக்கும்போது ரத்தத்தில் இறக்கிக்கொள்ளும். அந்தக் கையிருப்பை மட்டும் நம்பி நாள் முழுக்க ஏற முடியாது. மலையடிவாரத்தில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, நிறையத் தண்ணீர் காட்டி, பிறகு ஏறுங்கள். ஏற்றத்தில் அது நின்று மூச்சு வாங்கினால் வாங்கட்டும். அவசரம் உங்களுக்குத்தான்.

3. தீவனம். குதிரை என்றதும் நமக்குக் கொள்ளு நினைவுக்கு வரும். இங்கே கதை வேறு. 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 கிலோ காய்ந்த புல் தின்னும். மூன்று குதிரைக்கு நாலு நாள் என்றால் நூறு கிலோவைத் தாண்டும். அதைச் சுமக்க இன்னொரு குதிரை, அந்தக் குதிரைக்கும் தீவனம் என்று கணக்கு முடியாமல் நீளும். அதனால் மேய்ச்சலோடு, அமுக்கிய தீவனக் குச்சிகளைக் கொஞ்சம் கொண்டுபோவதுதான் வழக்கம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் குடல்தான் அவதிப்படும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே புதுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். தேசிய வனங்களுக்குள் கொண்டுபோகும் புல் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் விதிப்பார்கள். சாணத்தில் ஒட்டிப்போகும் ஒரு களைவிதை ஒரு புல்வெளியையே கெடுத்துவிடும் என்பதால் இந்த விதியில் எனக்கு மறுபேச்சு இல்லை.

4. முதுகில் உட்கார்ந்திருக்கும் மனிதன் குதிரையின் அசைவோடு சேர்ந்து அசைகிறான். பொதியோ வெறும் சுமை. எனவே பொதிக்குதிரைக்கு 65, 70 கிலோ போதும். இரண்டு பக்கப் பெட்டிகளையும் தராசில் தொங்கவிட்டு எடை பாருங்கள். அரைக் கிலோ வித்தியாசம் இருக்கலாம். இரண்டு கிலோ ஏறினால் சேணம் மெல்லச் சாய்ந்து, மதியத்துக்குள் முதுகைப் புண்ணாக்கிவிடும். பொதி விலங்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைக்கும்போது நடுவே எளிதில் அறுந்துவிடும் மெல்லிய கயிறு ஒன்று இருக்கட்டும். ஒன்று சரிவில் விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

5. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். மரங்கள் நின்றுபோகும் எல்லை ஏறத்தாழ 11,500 அடி. அதற்கு மேலே அங்கே உயரமாக நிற்பது குதிரைமேல் இருக்கும் நீங்கள்தான். நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டி மறுபக்கக் காட்டுக்குள் இறங்கிவிடுங்கள். தாண்ட முடியாது என்று தோன்றினால் அன்றைக்கு ஏறாதீர்கள்.

6. தங்கும் இடத்தைத் தேடும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். இந்த மலைகளில் ஸ்புரூஸ் மரங்களை வண்டுகள் ஏராளமாகக் கொன்றிருக்கின்றன. பட்ட மரம் காற்றில்லாத ராத்திரியிலும் விழும். அதன் கீழே கூடாரமும் கூடாது, குதிரையும் கூடாது. ஏரி, ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளியிருங்கள்.

7. இனிமேல் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். குதிரையை நேரே மரத்தில் கட்டாதீர்கள். சும்மா நிற்கும் குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். ஸ்புரூஸுக்கு வேர் ஆழமாகப் போகாது. ஒரே ராத்திரியில் வேர் வெளியே வந்துவிடும். குதிரைக்காரர்கள் ஹைலைன் என்று சொல்வதைக் கட்டுங்கள். உயிருள்ள, பருத்த இரண்டு மரங்களுக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டை சுற்றி, இடையே குதிரையின் தலைக்கு மேல், ஏழடி உயரத்தில், ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தலைக்கயிற்றை அதில் கட்டுங்கள். குதிரையின் மூக்கு தரையைத் தொடும் நீளம் போதும். மிஞ்சினால் கால் கயிற்றைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும், அதிலிருந்து மீட்பது பெரும்பாடு. இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று உதைக்க முடியாத இடைவெளி வேண்டும். முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாக இருக்கட்டும். தரை கல்லும் காய்ந்த இலையுமாக இருப்பது நல்லது. பசும்புல்லின்மேல் கட்டினால் விடிவதற்குள் அது சேறாகிவிடும். கட்டி முடித்ததும் நீங்களே கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பாருங்கள். தொய்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

8. மேய விடும்போது எல்லாவற்றையும் ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள். கூட்டத்துக்குத் தலைவி யாரென்று பார்த்து அவளைக் கட்டிவையுங்கள். மற்றவை தொலைவு போகா. தளை போட்டிருக்கிறதே என்று அசந்துவிட வேண்டாம், தளையோடு முயல்போலத் தாவி ஓடும் குதிரைகள் உண்டு. கோவேறு கழுதைகள் வைத்திருந்தால் ஒரு பெண்குதிரையின் கழுத்தில் மணி கட்டுங்கள். கழுதைகள் அந்த மணியை விட்டு விலகா.

9. தின்னாமல் நிற்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மண்ணைப் பறித்துப் புரள்வது: குடல்வலி. விலாவில் காதை வையுங்கள். இரைச்சல் கேட்டால் ஓரளவு நிம்மதி. நிசப்தம் என்றால் ஆபத்து. அங்கே செல்பேசி எடுக்காது. மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

10. எதிரே நடந்துவருகிறவர்களைச் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று ஏதாவது பேசச் சொல்லுங்கள். பெரிய முதுகுப்பை மாட்டிய உருவம் பேசினால்தான் அது மனிதன் என்று குதிரைக்குப் புரியும்.

11. கிளம்பும் காலையில் லத்தியை உதைத்துச் சிதறடித்து, பறித்த குழிகளை மூடி, மிஞ்சிய புல்லைப் பொறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஆகும். இதற்குச் சோம்பல் படுபவர்களோடு நான் மலைக்குப் போவதில்லை.

12. இந்த மலைகளில் உள்ள வெமினூச் வனப்பகுதியில் ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது; ஆளும் விலங்கும் சேர்ந்து 25ஐத் தாண்டக் கூடாது. இதுபோன்ற வரம்புகளும், எந்த ஏரிக்கரையில் மேய்ச்சலுக்குத் தடை, எங்கே தீ மூட்டத் தடை என்பதும் இடத்துக்கு இடம், கோடைக்குக் கோடை மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பகுதி வன அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.