நாற்றம் நின்றால் வெளியே வா

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை ஒட்டி இருக்கிறது குடிகாடு. அங்கே வளர்ந்த ஒரு பெண் இன்று ஆலைத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புப் பாடங்களை வடிவமைக்கிறார். நேர்காணலில் கம்யூனிகேஷன் ஸ்கில் பற்றிக் கேட்டால் அவர் பேசிக் காட்டுவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு பற்றிய ஒரே பாடத்தின் இரண்டு வடிவங்களை எடுத்து மேசையில் வைக்கிறார்.

முதலாவது, ஒரு நிறுவனம் இறுதி செய்த வடிவம். வேதிப் பெயர், மூலக்கூறு எடை, கொதிநிலை, சட்டப் பிரிவுகள் என்று வரிசையாகப் போகிறது. உயிரைக் காக்கும் செய்தி கடைசித் திரைக்கு முன்னால்தான் தலைகாட்டுகிறது. இரண்டாவது, அவர் முதலில் எழுதிக் கொடுத்தது. அது ஒரு கேள்வியில் தொடங்குகிறது: அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, திடீரென்று நின்றுவிட்டது, வாயு போய்விட்டதா?

போகவில்லை. இந்த வாயு மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்திலும் கழிவுத் தொட்டியிலும் தங்கும். மூக்கை நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுவார்; அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

கேள்வியை முதலில் வைக்க அந்த நிறுவனத்தின் துறை வல்லுநர் போனில் ஒப்புக்கொண்டிருந்தார். மறு ஆய்வுக் கூட்டத்தில் அதே வல்லுநர், பாடம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும் என்று மாற்றிச் சொன்னார். முன்பு ஒப்புக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. வல்லுநர் பேச்சைக் கேட்காதவர் என்ற பெயர் இவருக்கு வந்தது. அடுத்த வேலை வேறொருவருக்குப் போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. வேதியியல் தெரிந்தவருக்கெல்லாம் தொட்டிக்குள் இறங்குகிறவரின் மனம் தெரிந்துவிடாது என்று இப்போதும் அழுத்திச் சொல்கிறார்.

அப்படிச் சொல்லும் உரிமையை அவருக்கு ஊர் கொடுத்திருக்கிறது. 2004-இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது என்று குறித்தார்கள். 1990-களில் கலிபோர்னியாவில் உருவான பிளாஸ்டிக் வாளி முறையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்களும் அதில் இருந்தன. வேதியியல் படிக்காதவர்களுக்கு இது கைவந்ததற்குக் காரணம், பயிற்சி அவர்கள் மூக்குக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கியதுதான்.

அபாயத்தைத் தெரிவிப்பதில் சட்டமும் உண்டு. 1984 போபால் விபத்துக்குப் பின், 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்தும் ஆலை, அதன் அபாயங்களையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளர்களுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது அதன் 41-பி பிரிவு.

ஸ்டோரிபோர்டு, குரல்பதிவு, வினாடி வினா எல்லாம் யூடியூபிலேயே கற்கலாம் என்று அவர் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார். புதியவர்களிடம் அவர் நின்று சொல்வது வேறு. போனில் முடிவானதை அன்று மாலையே மெயிலில் எழுதி அனுப்புங்கள். யார், எதை, ஏன் ஒப்புக்கொண்டார் என்பது அதில் இருக்கட்டும். வரைவை மேலாளருக்குக் காட்டும் முன் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார். நாற்றம் நின்றுவிட்டது, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உள்ளே போய்ப் பார்ப்பேன் என்றால் திருத்த வேண்டியது பாடத்தை.

வேலை தேடும்போது நிறுவனத்தின் பெயரையும் ரகசியங்களையும் நீக்கிவிட்டு, பழைய வடிவம், புதிய வடிவம், மாற்றியதற்கான காரணம் என மூன்றையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறார். ஆங்கில உச்சரிப்பை வைத்து எடைபோடுகிறவர்களிடம் வேலை கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம் என்பது அவர் கட்சி.

இப்போது அவருடைய பாடத்தில் கேள்விக்கு அடுத்து ஒரு பயிற்சி வருகிறது. தொழிலாளி ஆலையின் காற்றுத் திசைகாட்டியைப் பார்த்து, வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவார் என்று கைநீட்டிக் காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் அடுத்த திரை திறக்கும். மூலக்கூறு எடை கடைசியில் இருக்கிறது, விரும்பியவர் படிக்கலாம்.