அச்சமும் மருட்கையும்

மக்கள் அச்சத்தை வெறுப்பர். ஆயினும் அச்சந்தரும் கதையை விரும்புவர். இருளில் தனியே நடக்க ஒருப்படாத சிறுவனும், பேய்க்கதை கூறுவார் ஒருவர் கிடைப்பின், போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பான். வாழ்வில் நாம் விலக்கும் ஒன்றை நூலில் நாடுவது எற்றுக்கு? அங்ஙனம் நாடுதலால் விளையும் பயன் யாது? இவ்விரு வினாக்களையும் ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது எங்கள் விடுதியில் நிகழ்ந்த ஓர் உரையாடல். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு மின்விளக்குகள் அணைந்துபோயின. படிக்க வழியின்றித் தாழ்வாரத்தில் எழுவர் எண்மர் கூடினோம். பேச்சு, அண்மையில் நாங்கள் பயின்ற திகில் நாவல்கள் மீதும் மர்ம நாவல்கள் மீதும் சென்றது. வேதியியல் பயிலும் நண்பர், "கடைசிப் பத்துப் பக்கங்களில் நம்மை ஏமாற்றாத நாவல் நாவலே அன்று" என்றார். பொருளாதாரம் பயிலும் மற்றொருவர், "படித்து முடித்தபின் விளக்கை அணைக்கக் கை எழாதாயின் அதுவே நல்ல நூல்" என்றார். எங்களுக்கு மூத்த மாணவர் ஒருவரோ, "இரண்டும் வீணே. கொலையையும் குருதியையும் பொழுதுபோக்காகக் கொள்வார் நெஞ்சம் நாளடைவில் கல்லாகிவிடும்" என்றார். அன்றிரவு ஒரு நண்பர் மட்டும் வாய் திறவாது மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யானும் விடை கூற மாட்டாதிருந்தேன். காலந்தாழ்த்தேனும் என் விடையை ஈண்டு எழுதுகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவன் ஆகலின், எனக்கு முதற்கண் நினைவிற்கு வந்தது தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலே. உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடலின்கண் புலப்படுதலை மெய்ப்பாடு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களங்களில் தோன்றும் எனவும் காட்டினார். இவற்றுள் மருட்கையும் அச்சமுமே நம் ஆராய்ச்சிக்கு முதற்கண் வேண்டுவன. மருட்கையாவது வியப்பு. அது புதுமையாலும், பெருமையாலும், சிறுமையாலும், ஆக்கத்தாலும் பிறக்கும். ஆக்கமாவது ஒன்று திரிந்து மற்றொன்றாதல் என்பர் உரைகாரர். அச்சமோ அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கால் வரும். கள்வர் என்பது பொருள் கவர்வாரை மட்டுமன்றித் தீத்தொழில் புரிவாரையும், இறை என்பது அரசனை மட்டுமன்றித் தந்தையரையும் ஆசிரியரையும் குறிக்கும் என்பது உரையிற் கண்ட விளக்கம்.

இப்பாகுபாட்டைக் கையிற்கொண்டு நோக்கின், என் நண்பர் இருவரும் வெவ்வேறு மெய்ப்பாடுகளைப் பற்றிப் பேசினர் என்பது புலனாகும். வேதியியல் நண்பர் விரும்பியது மருட்கை. பொருளாதார நண்பர் விரும்பியது அச்சம்.

அலெக்ஸ் மைக்கேலிடிஸ் என்பார் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த சைலண்ட் பேஷண்ட்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். ஓவியக் கலைஞர் ஒருத்தி தன் கணவனைச் சுட்டுக் கொல்கின்றாள். அன்றுமுதல் ஒரு சொல்லும் பேசாள். அவளைப் பேசுவிக்க முயலும் உளச்சிகிச்சையாளர் ஒருவரே கதையைக் கூறுகின்றார். கில்லியன் ஃப்ளின் 2012-ஆம் ஆண்டில் எழுதிய 'கான் கேர்ள்' என்னும் நாவலிலோ, ஐந்தாம் திருமண நாளன்று மனைவி காணாமற்போகின்றாள். கணவன் கூற்றும் மனைவியின் நாட்குறிப்பும் மாறிமாறி வருகின்றன. இவ்விரண்டிலும் நாம் ஒன்றென்று எண்ணியது ஓரிடத்தில் மற்றொன்றாகத் திரிகின்றது. அஃது எவ்வாறென்று ஈண்டுக் கூறேன். கூறின், இந்நூல்களை இனிப் பயில விரும்புவார் என்னைச் சினப்பர். அச்சினமே என் கருத்துக்குச் சான்று. கூறிய அளவில் கெடும் இன்பம் புதுமையால் வரும் இன்பம். புதுமை ஒருமுறைக்கு உரியது. மறுமுறை பயிலுங்கால், ஆசிரியர் குறிப்புகளை எவ்வெவ்விடத்து மறைத்து வைத்தார் என்று அவர்தம் மதிநுட்பத்தைப் போற்றலாம். ஆயின் நெஞ்சம் முன்போல் துடிப்பதில்லை.

திரைப்பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடல் 1966-இல் நூலாக வெளிவந்தது. அதில் அவர் கூறிய எடுத்துக்காட்டு ஒன்று இங்குப் பொருந்தும். இருவர் மேசையருகே அமர்ந்து உரையாடுகின்றனர். மேசையின் அடியில் வெடிகுண்டு இருக்கின்றது. அவையோர் அதனை அறியாராயின், குண்டு வெடிக்குங்கால் பதினைந்து நொடித் திடுக்கீடு உண்டாகும். முன்னரே அறிவாராயின், பதினைந்து நிமிடம் அவர்கள் உள்ளம் பதைக்கும். இதனால் நாம் அறிவது யாது? திடுக்கீடு அறியாமையிற் பிறக்கின்றது. அச்சமோ அறிவிற் பிறக்கின்றது. மேசையருகே அமர்ந்த இருவர்க்காக நாம் அஞ்சுகின்றோம் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இனி, அச்சத்தின் நிலைக்களங்கள் நான்கனையும் நோக்குவோம். கள்வர் என்பதன்பால் கொலைஞரைப் பற்றிய மர்ம நாவல்கள் அனைத்தும் அடங்கும். விலங்கு என்பதற்குப் பீட்டர் பெஞ்ச்லியின் 'ஜாஸ்' (1974) சான்றாகும். அந்நூலால் மக்கள் சுறாமீனைக் கொடிய பகையாகக் கருதியதற்கு வருந்திய அவ்வாசிரியர், பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். பொய்யச்சமும் ஓர் உயிர்க்குக் கேடு சூழ வல்லது என்பதற்கு இஃதொரு பாடம்.

அணங்கு என்பதே திகில் நாவலின் தலையாய நிலம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்தது. அதன்கண் அணங்கு பல்லும் உடலும் பெற்றுப் புறத்தே நிற்கின்றது. ஷெர்லி ஜாக்ஸன் 1959-இல் எழுதிய 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்னும் நாவலிலோ அணங்கு எங்கே உள்ளது என்று துணிதல் அரிது. பல்லாண்டு நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்து இளமையைக் கழித்த எலினோர் என்பாள், பேய் உறைவதாகக் கூறப்படும் மாளிகைக்கு ஆராய்ச்சிக் குழுவினருடன் வருகின்றாள். கதவு தட்டப்படுகின்றது, சுவரில் அவள் பெயர் எழுதப்படுகின்றது. பேய் மாளிகையிற் குடியிருப்பதோ, அன்பின்றி வாடிய அவள் உள்ளத்திற் குடியிருப்பதோ? நம் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' என்னும் நாவலிலும் பேயா, அறிவியல் விளைவா என்னும் வழக்கு உண்டு. ஆயின் அஃது அறிவுக்கு இடும் வழக்கு. எலினோர் கதை நெஞ்சுக்கு இடும் வழக்கு. தனக்கென ஓர் இல்லம் இல்லாதாள், தன்னை அழிக்கும் மாளிகையையே இல்லமாகக் கருதுகின்றாள். கதையின் முடிவை முன்னரே அறிந்து பயின்றேன். அறிந்தமையால் அச்சம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

நான்காவது நிலைக்களமாகிய இறை என்பது பிற மூன்றினும் ஆழமானது. அணங்கினின்றும் விலங்கினின்றும் கள்வரினின்றும் ஓடித் தப்பலாம். தப்புதற்கு ஓடிச் சேரும் இடம் தந்தையின் மடி. அம்மடியே அச்சத்திற்கு இடமாயின் குழந்தை எங்கே ஓடும்? இவ்வினாவே ஸ்டீவன் கிங் 1977-இல் வெளியிட்ட 'த ஷைனிங்' என்னும் நாவலின் உயிர். கொலராடோ மலைமேல், பனிக்காலத்தில் மூடப்பட்ட பெரிய ஹோட்டல் ஒன்றைக் காவல் காக்க ஜாக் என்பவன் மனைவியுடனும் ஐந்து வயது மகன் டானியுடனும் செல்கின்றான். முன்பு குடிப்பழக்கம் உடையவன். சினத்தால் ஒருமுறை மகன் கையை முறித்தவன். பின் குடியை விட்டவன். அந்த ஹோட்டலில் பேய்கள் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் டானி பெரிதும் அஞ்சுவது, தான் நேசிக்கும் தந்தையின் முகம் மாறுவதற்கே. இறுதியில் ஜாக் ஒரு கணம் தன்னுணர்வு பெற்று, "ஓடிப்போ" என்று மகனை விடுக்கும் இடத்தில், அச்சமும் அன்பும் ஒருங்கே நம்மைப் பற்றுகின்றன. இந்நாவலைத் தம்மையறியாமல் தம்மைப் பற்றியே எழுதியதாக, அக்காலத்தில் குடிக்கு அடிமையாயிருந்த கிங், 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலொன்றில் ஒப்புக்கொள்கின்றார்.

இவ்விடத்தில், அன்றிரவு வாய் திறவாதிருந்த நண்பரைப் பற்றிக் கூறவேண்டும். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன். ஒரு திங்கள் கழித்து, அந்நாவலை என்னிடம் திருப்பித் தருங்கால், "இதில் வரும் பேய்கள் எனக்கு நினைவில்லை. மாலையில் அப்பா செருப்பைக் கழற்றும் ஓசையைக் கொண்டே, அன்று அவர் எந்நிலையில் வந்துள்ளார் என்று அறிந்த பிள்ளை நான். என்னைப்போல் ஒரு பிள்ளை புத்தகத்தில் இருப்பான் என்று இதற்குமுன் நினைத்ததில்லை" என்றார். பின்னர் நாங்கள் இருவரும் நெடுநேரம் வேறு செய்திகளையே பேசிக்கொண்டிருந்தோம். மூத்த மாணவர் கூறியதற்கு என் நூலறிவு தந்த விடையினும் இந்நண்பர் சொல்லே வலிய விடையாகும். அவர் நெஞ்சத்தை அந்நூல் கல்லாக்கவில்லை. பல்லாண்டு மூடியிருந்த ஒரு கதவைத் திறந்தது.

அச்சம் இவ்வாறு கனிவாக மாறும் என்பதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. 1815-இல் கிழக்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் வேனிற்காலம் குளிரும் மழையுமாகக் கழிந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் அடைபட்ட நண்பர் சிலர் பேய்க்கதைகளைப் பயின்று பொழுது போக்கினர். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் கவிஞர் பைரன். அங்கிருந்த மேரி என்னும் பெண் தொடங்கிய கதையே 1818-இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்'. தொடங்கியபோது அவர்க்கு வயது பதினெட்டு. நம்மொத்த வயதினர் ஒருவர், நம்மைப்போல் மழைக்கு ஒதுங்கிப் பேசியதன் பயன் அது! அக்கதையில் ஆக்கப்பட்ட உருவைக் கண்டு ஆக்கியவனே அஞ்சி ஓடுகின்றான். ஆயின் அவ்வுருவே தன் கதையைக் கூறும் பகுதியைப் பயில்வார்க்கு அச்சம் நீங்கி அழுகை தோன்றும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய நான்கும் அவ்வுயிர்க்கு உள்ளன. தந்தையால் கைவிடப்பட்ட மகவே அங்குப் பேயாகத் திரிகின்றது.

இவற்றால், மர்ம நாவல்கள் யாவும் தாழ்ந்தன, திகில் நாவல்கள் யாவும் உயர்ந்தன என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. குருதியை மட்டும் கொட்டி அருவருப்பூட்டும் திகில் நாவல்கள் பல. மறுதலையாக, ஜப்பானிய ஆசிரியர் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் 'த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' என வழங்கும் மர்ம நாவலில், கொலை செய்தவர் இன்னார் என்பது தொடக்கத்திலேயே கூறப்படுகின்றது. அக்குற்றத்தை மறைக்க முயலும் கணித ஆசிரியரின் திறம் மருட்கை தருகின்றது. அதன் அடியில் மறைந்திருந்த அவர்தம் தனிமையை அறியுங்கால் மருட்கை துயரமாகின்றது. ஆகவே வேறுபாடு நாவலின் வகையில் இல்லை. அது நம்மை யாருக்காக அஞ்சச் செய்கின்றது என்பதிலேயே உள்ளது.

மூத்த மாணவர் கூற்றிலும் உண்மை ஒருபுறம் உண்டு. இறந்தவனைக் கணக்கின் முதல் வரியாக மட்டும் கருதி, விடை காண விரையும் வழக்கம் நம்மிடம் ஊன்றுமாயின், செய்தித்தாளிற் காணும் இறப்பும் நமக்குக் கணக்காகவே தோன்றும். அதற்கு மாற்று, இந்நூல்களை விலக்குதல் அன்று, நன்கு பயிலுதலே. ஒரு நாவலை மூடியபின் நம்மை நாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வோம். முடிவை அறிந்தபின்னும் இதனை மீண்டும் பயில்வேனா? இதில் இறந்தார் பெயர் எனக்கு நினைவிருக்கின்றதா? விளக்கை அணைக்கத் தயங்கியது என் பொருட்டா, பிறர் பொருட்டா?

மறுமுறை மின்விளக்கு அணையும்போது, தாழ்வாரத்தில் இவ்வினாக்களை நண்பர்முன் வைக்க எண்ணியுள்ளேன். மூத்த மாணவர்க்கு 'பிராங்கன்ஸ்டைன்' நூலை முன்னரே கொடுத்துள்ளேன். அவர் இன்னும் அதனைத் திருப்பித் தரவில்லை.