சமையல் மேடைப் பலகை: பெயரும் உட்பொருளும்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டுகளில் வேரூன்றிய நவீனச் சுரங்கத் தொழில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அத்தொழில் அவ்வூருக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பாறையை அதன் தோற்றங்கொண்டு மதிப்பிடலாகாது. மாதிரி எடுத்துச் சோதித்து, உட்பொருளை அறிந்த பின்னரே மதிப்பிட வேண்டும் என்பதே அது. தாதுவில் அடங்கிய பொன்னின் அளவைக் கண் சொல்லாது; சோதனைச்சாலையே சொல்லும். பாறைகளின் வலிமையை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் 1988-இல் இவ்வூரில் தோன்றியதும் பொருத்தமே.

இன்று கோலார், குப்பம், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறை வேறொரு வகையில் விலை போகின்றது. அறுத்து மெருகேற்றிய பலகைகளாக அது வீடுகளின் சமையல் மேடைகளுக்குச் செல்கின்றது. கூடவே, செயற்கைப் பலகைகளும் சந்தைக்கு வந்துள்ளன. பலகையை வாங்கி, அறுத்து, மேடையாக அமைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைக்காரர் சரக்கின் தரத்தை எவ்வாறு அறிவது? இக்கட்டுரையில் அதனைக் காண்போம்.

கல்லின் பெயர்

கடையில் 'கிரானைட்' என்று விற்கப்படுவன யாவும் கிரானைட் அல்ல. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல், பெல்ஸ்பார், அபிரகம் ஆகியவை கலந்த பாறையே கிரானைட். 'கறுப்பு கிரானைட்' என வழங்குவது பெரும்பாலும் டோலரைட் என்னும் வேறு பாறை. அதில் படிகக்கல் மிகச் சொற்பம். டோலரைட் நல்ல கல்லே. ஆனால் வெளிறிய மட்டக் கல்லுக்குக் கருஞ்சாயம் ஏற்றி, அதன் பெயரால் விற்பதும் உண்டு.

இதனை எளிதிற் கண்டுபிடிக்கலாம். கல் துண்டு ஒன்றை நூலிற் கட்டித் தராசில் நிறுக்க வேண்டும்; பின்னர் அதனை நீரில் மூழ்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 600 கிராம் உள்ள துண்டு நீரில் 374 கிராம் காட்டினால், எடைக்குறைவு 226 கிராம். 600-ஐ 226-ஆல் வகுக்க வருவது 2.65; இது கிரானைட்டின் ஒப்படர்த்தி. நீரில் 398 கிராம் காட்டினால் விடை ஏறத்தாழ 2.97, இது டோலரைட்டுக்கு உரியது. 'கறுப்பு' என்று வந்த கல் 2.65 காட்டுமாயின் ஐயம் கொள்ள வேண்டும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் அதனைத் தேய்த்துப் பார்க்கலாம்; துணியில் கறை ஏறினால் சாயம் வெளிப்பட்டுவிடும். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மெருகு மங்கினால் அக்கல்லில் சுண்ணாம்புச் சத்து உண்டு. புளியும் மோரும் சிந்தும் மேடைக்கு அது ஆகாது.

நீரும் கனமும்

நன்கு உலர்த்திய துண்டை நிறுத்து, 48 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். 530 கிராம் துண்டு 531.6 கிராம் ஆயின் அது உறிஞ்சிய நீர் 0.30 சதவீதம், 533.2 கிராம் ஆயின் 0.60 சதவீதம். அமெரிக்கத் தர விதி கிரானைட்டுக்கு 0.40 சதவீதத்தை உச்ச வரம்பாகக் கொள்கின்றது. ஆகவே முதற்கல் தேறும், இரண்டாவது தேறாது. நீரை உறிஞ்சும் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும்.

பலகையின் கனமும் கவனிக்கத்தக்கது. வளைவைத் தாங்கும் வலிமை கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 18 மில்லிமீட்டர் என்று சொல்லி 16 மில்லிமீட்டர் அனுப்பினால் குறைவது இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்கிட்டால் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைகின்றது. தொட்டிக்காக வெட்டிய துவாரத்தின் ஓரத்தில், குறுகிய இடத்தில், பலகை பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பலகையின் பின்புறம் கண்ணாடி இழை வலை ஒட்டுவதும், நுண்ணிய வெடிப்புகளில் பிசின் நிரப்புவதும் தொழில் வழக்கமே. அவற்றைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம்.

செயற்கைப் பலகை

செயற்கைப் பலகைகளுள் ஒரு வகை அக்ரிலிக் பிசினால் ஆனது. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் 1967-இல் உருவாக்கிய 'கொரியன்' இதற்கு முன்மாதிரி. இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக். எஞ்சியது அலுமினியம் ஹைட்ராக்ஸைடுத் தூள். விலையைக் குறைக்க அக்ரிலிக்குக்குப் பதில் பாலியெஸ்டர் பிசினையும், அலுமினியத் தூளுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்த பலகைகளும் உள்ளன. இப்பலகையைச் சுரண்டிய தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால், சுண்ணாம்பு இருப்பின் நுரை பொங்கும். தூய அக்ரிலிக் பலகையைச் சூடேற்றி வளைக்கலாம். பாலியெஸ்டர் மிகுந்தது வெடிக்கும். மேலும், ஒரே நிறத்தின் இரு பலகைகள் வெவ்வேறு வார்ப்பைச் சேர்ந்தவையாயின் இணைப்பில் நிறபேதம் தெரியும். ஆகையால் வெட்டுமுன் பலகைகளின் வார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். ஒட்டிய பின் பரிகாரம் இல்லை.

கொள்முதலில் எழுத்து

சரக்குத் தருபவருடன் எழும் வழக்குகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் விளைபவை. கல்லின் வகை, குவாரி, பாளத்தின் எண், கனம், அதில் அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வு, சாயமோ பிசினோ இடப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வாங்குதல் நலம். ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டை இரண்டாக அறுத்து, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளலாம். சரக்கு வந்தவுடன், லாரியினின்று இறக்குமுன், அதனோடு ஒப்பிட வேண்டும்.

தூசியும் உயிரும்

உட்பொருளை அறிவது பணத்தைக் காக்க மட்டுமன்று. 'குவார்ட்ஸ் பலகை' என்று விற்கப்படும் செயற்கைக் கல்லில் எடையில் 90 சதவீதம் வரை படிகச் சிலிகா இருக்கலாம். கிரானைட்டில் அது பெரும்பாலும் 20 முதல் 45 சதவீதம். டோலரைட்டில் மிகக் குறைவு. உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலின் ஆழம் வரை சென்று சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். அதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைச் செயற்கைக் கல்லைத் தடை செய்ததற்கு இதுவே காரணம்.

தங்கவயல் இதனை முன்னரே அறிந்திருந்தது. அங்கே பொன் கிடைத்தது படிகக்கல் நாளங்களில். பாறையைத் துளைத்தவர் சுவாசித்ததும் அப்படிகத்தின் தூசியே. 1940-ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. ஆகவே பலகை எதுவாயினும் நீர் பாய்ச்சியே அறுக்க வேண்டும். தூசியை உறிஞ்சும் சாதனம் வேண்டும். தக்க முகக்கவசம் வேண்டும். தரையைப் பெருக்காமல் கழுவ வேண்டும். பலகையில் சிலிகா எத்தனை சதவீதம் என்று கேட்டறியாத பட்டறை, அதனை அறுக்கத் தொடங்கலாகாது.