துப்பாக்கிக் கட்டையும் கன்னத் தாங்கியும்

சுட்ட குண்டு இலக்கில் படவில்லையெனில், “கை நடுங்கிற்று”, “கண் கூர்மையில்லை” என்று கூறிவிடுகிறோம். கையும் கண்ணும் குற்றமற்றவையாக இருந்தும் குறி தவறக்கூடும். துப்பாக்கியின் கட்டை உடலுக்குப் பொருந்தாமற்போனால் அதுவே போதும். வளர்ந்த ஆணின் அளவுக்குச் செய்த கட்டையை மாணவர் படையில் சேர்ந்த ஒரு சிறிய உருவ மாணவி தோளில் சாத்துகிறாள், கழுத்தை நீட்டுகிறாள், குறி தவறுகிறாள், “எனக்கு இது வராது” என்று ஒதுங்கிவிடுகிறாள். குறை அவளிடமா, கட்டையிடமா? இதனை அறிவியல் முறையில் எவ்வாறு தீர்மானிப்பது என்று காண்போம்.

கட்டையின் வேலை

கட்டை வெறும் கைப்பிடி அன்று. குழலைத் தாங்குவது, அதிர்வைத் தோளுக்குக் கொண்டு சேர்ப்பது, கண்ணை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகள் அதற்கு உண்டு. மூன்றாவதைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 50 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். கண் சற்று நகர்ந்ததால் முன்குறி நேர்கோட்டிலிருந்து 0.1 மி.மீ. விலகிற்று, நமக்கு அது தெரியவும் இல்லை. 10 மீட்டர் தொலைவில் அப்பிழை 2 மி.மீ. ஆகிவிடும். ஒலிம்பிக் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு 0.5 மி.மீ.தான், வளையத்திற்கு வளையம் 2.5 மி.மீ. இடைவெளி. தலைமுடிப் பருமனுள்ள பிழை ஏறக்குறைய ஒரு வளையத்தையே விழுங்கிவிடுகிறது!

அளவு பலவாக வேண்டும் என்பது புதிய கருத்தன்று. இச்சாப்பூர் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் அடிக்கட்டை தனித் துண்டாக இருந்தது. நெட்டை, நடுத்தரம், குட்டை, மிகக் குட்டை என நான்கு நீளங்களில் அது கிடைத்தது. போர்வீரனுக்குக் கிடைத்த சலுகை மாணவிக்கு ஏன் கூடாது?

கன்னத் தாங்கி எதற்கு?

பழைய கட்டைகளின் மேல்விளிம்பு தாழ்ந்திருக்கும். உலோகக் குறிகள் குழலை ஒட்டி அமைந்திருந்தமையால் அது பொருந்திற்று. அதன்மேல் தொலைநோக்கியைப் பொருத்தினால் கண் உயரவேண்டும். கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். தலை அந்தரத்தில் ஆடும். இந்த இடைவெளியை நிரப்புவதே ஏற்றியிறக்கக்கூடிய கன்னத் தாங்கி.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டிக்குரிய துப்பாக்கிகளில் கன்னத் தாங்கியும் தோள் தகடும் சுடுபவருக்கேற்ப நகரும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். பிறந்த மண்ணை விட்டு வாழும் நம்போன்றோர்க்கு அது தனி மகிழ்ச்சி.

தீவின் காற்றும் மரமும்

கடையில் பளபளக்கும் கட்டை அந்தமானில் எப்படி நடந்துகொள்ளும் என்பது வேறு கேள்வி. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், மரம் தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீரைப் பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 30 விழுக்காடானால் 6 விழுக்காடே நிற்கும். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கோடையில் தில்லிக்குப் போட்டிக்குச் செல்பவரின் கட்டை வழியிலேயே சுருங்கத் தொடங்கும். மரம் நீளவாட்டில் மிகச் சிறிதே மாறும். குறுக்கில்தான் பருக்கும், சுருங்கும். பருத்த மரம் குழலை நெருக்கினால் குண்டு விழும் இடமே மாறிவிடும். ஆதலின், எண்ணெயோ மெருகோ வெளிப்புறம் மட்டும் பூசினால் போதாது. குழல் படியும் உட்பள்ளத்திலும் வெட்டுமுகங்களிலும் பூசவேண்டும். அதுவும் ஈரத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது.

அலுமினியக் கட்டைக்கு இக்குறை இல்லை. ஆனால் உப்புக் காற்றில் அலுமினியமும் எஃகுத் திருகும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிக்கப்படும். திருகுகளுக்கு மசகிட்டு, அவ்வப்போது கழற்றிப் பார்க்கவேண்டும்.

நம் தீவின் படாக் மரம் எப்படி? உறுதியானது, குறைவாகவே சுருங்குவது, ஆனால் வால்நட் மரத்தினும் கனமானது. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையின் பெயரோடு இணைந்த மரம் அது. 2002-இல் உச்சநீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது, அது முறையானதே. கன்னத் தாங்கிக்கு ஒரு சாண் துண்டு போதும். பழைய நாற்காலியின் கால் அதற்குக் கிடைக்கும்.

சோதிக்கும் முறை

முதலில் துப்பாக்கியில் குண்டில்லை என்பதை இருவர் பார்த்து உறுதிசெய்க. கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் சாத்தித் தலையின் முழுப் பாரத்தையும் கட்டையில் வைக்கவும். பிறகு கண்ணைத் திறந்தால், கழுத்தை அசைக்காமலே குறிகள் நேராகத் தெரியவேண்டும். பத்து முறை செய்து, எத்தனை முறை நேராக அமைந்தது என்பதை நண்பர் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பின்னிழுக்கும் பூட்டு தாங்கியில் இடிக்கிறதா, இடக்கைக்காரருக்கும் பயன்படுமா, திருகை முடுக்கிய பின் தாங்கி ஆடுகிறதா என்பவற்றையும் பார்க்கவேண்டும்.

அடுத்தது சுடும் சோதனை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. பழைய கட்டை, புதியது, மீண்டும் புதியது, கடைசியில் பழையது என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுகள் சுடவேண்டும். களைப்பும் பழக்கமும் இருபக்கமும் சமமாகப் பங்கிடப்படும். குண்டுகள் விழுந்த இடங்களின் நடுவைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் அளந்து சராசரி காண்க. ஒரே நாளில் முடிவு கட்டலாகாது. சில நாட்கள் திரும்பச் செய்தும் வேறுபாடு நிலைத்தால்தான் அதை நம்பலாம்.

விலையுயர்ந்த தாங்கி வாங்குமுன், மடித்த துணியையோ தோலையோ கட்டையின்மேல் கட்டிச் சோதிக்கலாம். படையின் துப்பாக்கியாயின் பயிற்றுநரின் இசைவு வேண்டும். அதைச் செதுக்கவோ துளையிடவோ கூடாது. துணி மடிப்பிலேயே குறி திருந்தினால் செலவு மிச்சம். திருந்தாவிடில் குறை வேறிடத்தில் உள்ளது என்ற அறிவாவது மிச்சம்.

செருப்புக்காகக் காலைச் செதுக்குவார் உண்டோ? “எனக்கு வராது” என்று ஒருவர் ஒதுங்குமுன், கருவி அவருக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்ப்போம். அளக்காமல் ஒருவரைத் திறமையற்றவர் என்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.